மாத்திரை கிடைச்சுதா பாட்டி?

புத்தகத்தில் ரத்தசோகைக்கு மருந்து, இரும்புச்சத்து மாத்திரை. அந்த மாத்திரை ஏன் பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடக்கிறது என்பது வீட்டுக்குப் போனால்தான் தெரியும்.

1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது, புதுச்சேரி ஜிப்மர். குருசுக்குப்பத்திலும் ராமநாதபுரம் கிராமத்திலும் அதற்குச் சுகாதார மையங்கள் உண்டு. மருத்துவ மாணவர்கள் அங்கே மக்களிடமே பாடம் படிக்கிறார்கள்.

2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் ஒரு படி மேலே போனது. எம்.பி.பி.எஸ். மாணவர்கள் முதலாண்டிலிருந்தே கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்து, அவர்கள் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்றது.

நல்ல திட்டம்தான். ஆனால், பாட்டிக்கு பி.பி. அதிகம் என்று நோட்டில் குறித்துக்கொண்டு போய்விட்டால் மாணவருக்கு மதிப்பெண் வரும். பாட்டிக்கு? அடுத்த முறை வந்து, ‘மாத்திரை கிடைச்சுதா பாட்டி?’ என்று கேட்கும் மாணவர்தான் அந்தக் குடும்பத்தைத் தத்தெடுத்தவர்.