நாவில் சமத்துவம், நெஞ்சில்?

சாதி வேற்றுமை நன்றென்று மேடையேறிப் பேசும் துணிவு இன்று சண்டிலிப்பாயில் எவர்க்கும் இராது. ஆசிரியரும் வைத்தியரும் வழக்கறிஞரும் கமக்காரரும் சமத்துவத்தையே போற்றுவர். ஆயினும், கலியாணப் பேச்சென்றதும் எழும் முதற் கேள்வி யாது? தோட்டத்தில் வெங்காயம் கிண்ட வந்தவருக்குத் தேநீர் எந்தப் பேணியிற் போகின்றது?

இதனை வஞ்சகம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுதல் எளிது. உண்மையோ அதனினும் ஆழமானது. நம்பிக்கை அறிவினால் வருவது. உணர்ச்சி பழக்கத்தினால் வருவது. சமத்துவத்தைப் பள்ளியிற் படிக்குமுன்னரே, யாரை முற்றத்தோடு நிறுத்துவது என்பதைக் குழந்தை வீட்டிற் கண்டுகொள்கிறது. நம்பிக்கைக்கும் உணர்ச்சிக்குமுள்ள இத்தொடர்பை 1956இலேயே அமெரிக்க உளவியலாளர் மில்டன் ரோசன்பேர்க் ஆராய்ந்தார். இவ்விரண்டும் இசைந்தவரிடத்தேதான் மனப்பான்மை செயலாகின்றது என்பதைப் பின்வந்த ஆய்வுகளும் காட்டின. இசையாதவர் சொல்வதொன்று, செய்வதொன்று.

நம் வரலாறே இதற்குச் சான்று. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் நிறைவேறிற்று. பதினோராண்டுகள் கழித்து, 1968இலும், அயலூராகிய சங்கானையில் தேநீர்க்கடையில் அமர்ந்து தேநீர் அருந்தும் உரிமைக்குப் போராட வேண்டியிருந்தது. அதே ஆண்டில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் அடியார் மறிக்கப்பட்டனர். மறித்தோரின் முன்னணியில் நின்றவர், முன்னாள் அமைச்சரும் கணிதப் பேராசிரியராயிருந்தவருமான சி. சுந்தரலிங்கம். கல்வி அவரைத் தடுக்கவில்லை. அவர் நம்பியதும் உணர்ந்ததும் ஒன்றாயிருந்தன. ஆதலின் வாயிலில் நின்றார். நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனக் கண்டது. 1971இல் சட்டத்தின் தண்டனையும் கடுமையாக்கப்பட்டது. தவறான கொள்கைக்கு வாய்த்த அவ்வொருமைப்பாடு நல்ல கொள்கைக்கு வாய்த்தலாகாதா?

சட்டம் கதவைத் திறக்கும், மனத்தைத் திறவாது. பழக்கத்தாற் கெட்ட மனம் பழக்கத்தாலேயே திருந்தும். எனவே, நெஞ்சு இசையட்டும் என்று காத்திராது, கை முந்துதல் வேண்டும். எல்லார்க்கும் ஒரே பேணி, ஒரே பந்தி, ஒரே நாற்காலி; கோயில் பரிபாலன சபையிலும் வாசிகசாலை நிர்வாகத்திலும் சம இடம். முதல் நாள் கூசும் கை, நூறாவது நாளிற் கூசாது. அன்று, முற்றத்தில் விளையாடும் பிள்ளைக்கு நாம் சொல்லிக் கொடுக்க ஒன்றுமிராது. அது கண்டே கற்றுக்கொள்ளும்.

கொழும்பிடம் சமவுரிமை கேட்கும் இனம், தன் கொல்லைப்புறத்தில் அதனை மறுத்தல் தகுமா? பிறரிடம் கேட்கும் நீதியை முதலில் நம் வீட்டில் வழங்குவோம். அப்போதுதான் நமது கோரிக்கைக்கு வலிமை பிறக்கும்.