அடி வாங்கியவளுக்கு இருபது வருஷ க்யூ

"போலீஸுக்குப் போனே, உன் விசா காலி. அடுத்த ஃப்ளைட்ல ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்."

அமெரிக்காவில் மனைவியை அடிக்கிற கணவன், சம்பளம் தராமல் வேலை வாங்குகிற முதலாளி, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்கிற ஏஜென்ட் எல்லோரும் பேசுகிற ஒரே வசனம் இது. கத்தி வேண்டாம், துப்பாக்கி வேண்டாம். இதைச் சொன்னால் போதும், எதிரே நிற்பவர் வாயை மூடிக்கொள்வார்.

இந்த வசனம் பொய். பொய் என்று அமெரிக்கச் சட்டமே சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தை நடத்துகிற லட்சணத்தில், பொய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக நிஜமாக்கிக்கொண்டு இருக்கிறார்கள் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 2000 அக்டோபரில் ஜனாதிபதி கிளின்டன் கையெழுத்துப் போட்ட சட்டம் இரண்டு புது விசாக்களைக் கொண்டுவந்தது. ஏமாற்றி அழைத்துவரப்பட்டு கொத்தடிமை போல வேலை வாங்கப்பட்டவர்களுக்கும், பாலியல் தொழிலில் தள்ளப்பட்டவர்களுக்கும் 'டி' விசா. குடும்ப வன்முறை, பாலியல் பலாத்காரம், ஆள் கடத்தல், மிரட்டிப் பணம் பறித்தல், ஆயுதத் தாக்குதல் என இரண்டு டஜனுக்கும் மேற்பட்ட குற்றங்களில் கடுமையாகப் பாதிக்கப்பட்டு, விசாரணைக்கு ஒத்துழைப்பவர்களுக்கு 'யு' விசா. முறையான விசா இல்லாதவர்கூட மனு போடலாம். கிடைத்தால் நான்கு வருடம் தங்கலாம், வேலை செய்யலாம். மூன்று வருடம் கழித்து கிரீன் கார்டு கேட்கலாம். பிள்ளைகளையும் மனுவில் சேர்த்துக்கொள்ளலாம்.

"உதை வாங்கினவனுக்கெல்லாம் விசாவா? நாடா, சத்திரமா?" என்று அங்கே சிலர் கேட்கிறார்கள். இங்கேயும் தலையாட்டுகிறவர்கள் உண்டு. யோசித்துப் பாருங்கள். போலீஸுக்குப் போக முடியாதவன்தான் திருடனுக்குப் பிடித்த இரை. அவன் வாயைத் திறந்தால்தான் குற்றவாளி சிக்குவான். நீ சாட்சி சொல், நான் உன்னைத் துரத்த மாட்டேன் என்று அரசாங்கம் போட்ட ஒப்பந்தம் இது. பிச்சை இல்லை சார், கொடுக்கல் வாங்கல்.

இது வேலை செய்யும் என்பதற்கு இந்தியர்களே சாட்சி. 2005-ல் கத்ரீனா புயல் அடித்த பிறகு, சிக்னல் இன்டர்நேஷனல் என்ற கம்பெனி மிசிசிப்பிக்கும் டெக்ஸாஸுக்கும் சுமார் 500 இந்திய வெல்டர்களையும் ஃபிட்டர்களையும் இறக்கியது. கிரீன் கார்டு நிச்சயம் என்ற பேச்சை நம்பி, ஒவ்வொருவரும் பத்தாயிரம் டாலருக்கும் மேல் ஏஜென்ட்டுகளுக்குக் கொட்டியிருந்தார்கள். போய்ப் பார்த்தால், ஒரே கொட்டகையில் 24 பேர் வரை அடைசல். அந்த லட்சணத்துக்கு மாதம் 1,050 டாலர் வாடகைப் பிடித்தம். 2008 மார்ச்சில் நிறைய பேர் ஹெல்மெட்டைக் கழற்றி வீசிவிட்டு வெளியேறினார்கள். வாஷிங்டன் வரை போய் உண்ணாவிரதம் இருந்தார்கள். பலருக்கு 'டி' விசா கிடைத்தது. 2015-ல் நியூ ஆர்லியன்ஸ் ஜூரி, ஐந்து தொழிலாளர்களுக்கு 1 கோடியே 40 லட்சம் டாலர் தரச் சொன்னது. அந்த வருடமே கம்பெனி திவால் மனு போட்டது, மன்னிப்பும் கேட்டது.

அப்படியானால் பிரச்னை எங்கே?

சட்டம் வந்தது 2000-ல். 'யு' விசாவுக்கான விதிமுறைகளை எழுதவே 2007 ஆகிவிட்டது. அதுவரை தற்காலிகச் சலுகைதான், விசா இல்லை. வருடத்துக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் 'யு' விசா தரக்கூடாது என்று உச்சவரம்பு வேறு. குடும்பத்தினர் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஆனாலும் பாதிக்கப்பட்டவர்களின் மனுக்கள் மட்டுமே இரண்டு லட்சத்தைத் தாண்டி நிலுவையில் கிடக்கின்றன. வகுத்துப் பாருங்கள். இன்றைக்கு அடி வாங்கி மனு போடுகிறவளுக்கு வரிசையில் இருபது வருடம். அவள் பெற்ற குழந்தை காலேஜுக்குப் போய்விடும்.

மனு நியாயமானது என்று முதல் பார்வையில் தெரிந்தால், காத்திருக்கும்போதே நான்கு வருட வேலை அனுமதி தரலாம் என்று 2021 ஜூனில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். நல்ல விஷயம். ஆனால் அந்த முதல் பார்வைக்கும் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அடுத்து, போலீஸ் கையெழுத்து. 'இவர் எங்களுக்கு உதவினார்' என்று போலீஸோ, அரசு வக்கீலோ, நீதிபதியோ சான்றிதழ் தரவேண்டும். அது இல்லாமல் மனுவே போட முடியாது. கையெழுத்தாகி ஆறு மாதத்துக்குள் மனு போடாவிட்டால் செல்லாது. போட்டே ஆகவேண்டும் என்று மத்திய சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. கலிஃபோர்னியா மாதிரி சில மாநிலங்கள் மட்டும் தனிச்சட்டம் போட்டுக் கெடு வைத்திருக்கின்றன. மற்ற இடங்களில் அந்த ஊர் அதிகாரியின் மனசுதான் சட்டம். நம் ஊர் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போட வைக்க அலைந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது.

இதற்கெல்லாம் மேல் 2025. பாதிக்கப்பட்டவர்களைக் கைது செய்வதைக் கூடுமானவரை தவிர்க்க வேண்டும் என்று 2021-ல் குடியேற்றப் போலீஸுக்குப் போட்ட உத்தரவை, ஜனவரி கடைசியில் டிரம்ப் அரசு ரத்து செய்துவிட்டது. வரிசையில் நிற்பவளையே பிடித்து உள்ளே வைக்கலாம் என்றால், அடுத்தவள் எந்த தைரியத்தில் போலீஸுக்கு போன் செய்வாள்? அடிக்கிறவனின் வசனத்தை இப்போது அரசாங்கமே எழுதிக் கொடுக்கிறது.

நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். நகை போட்டு, மண்டபம் பிடித்து, சாஃப்ட்வேர் மாப்பிள்ளைக்குக் கட்டிவைத்து அனுப்புகிறீர்களே, உங்கள் பெண் போவது ஹெச்-4 விசாவில். அவள் அங்கே இருப்பதே கணவனின் ஹெச்-1பி தயவில். விவாகரத்து ஆனால் அவள் விசா அவுட். அடித்ததற்காக அவன் தண்டனை பெற்று நாடு கடத்தப்பட்டாலும் அவுட். அமெரிக்கக் குடிமகனையோ, கிரீன் கார்டுக்காரனையோ கட்டியவள் கொடுமைக்கு ஆளானால், கணவன் தயவில்லாமல் தானே மனு போட வழி உண்டு. ஹெச்-4 மனைவிக்கு அந்த வழியும் கிடையாது. அவளுக்கு 'யு' விசா வரிசைதான். கொடுமைக்கு ஆளான ஹெச்-4 மனைவிகளுக்கு வேலை அனுமதி தரவேண்டும் என்று 2005-ல் சட்டம் போட்டார்கள். அதற்கான விண்ணப்பப் படிவம் வந்தது 2017-ல்! ஒரு படிவம் அச்சடிக்கப் பன்னிரண்டு வருடம்.

அந்தப் பெண் ராத்திரி போன் செய்து அழும்போது நாம் என்ன சொல்கிறோம்? "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா. ஊர்ல என்ன சொல்வாங்க?" கணவனின் மிரட்டலையும் அப்பாவின் அறிவுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

இன்னொரு அசிங்கத்தையும் சொல்லியாக வேண்டும். இந்த வரிசையில் காசு கொடுத்து நுழைகிற நம்மவர்களும் இருக்கிறார்கள். மாசசூசெட்ஸில் 2023 டிசம்பரில் அமெரிக்க வாழ் இந்தியர் இருவர் மீது வழக்கு. செட்-அப் செய்த 'கொள்ளைக்காரன்' கடைக்குள் வந்து துப்பாக்கியைக் காட்டுவான். கல்லாவை அள்ளிக்கொண்டு ஓடுவான். கடை ஊழியர் ஐந்து நிமிடம் பொறுத்துவிட்டு போலீஸைக் கூப்பிடுவார். பிறகு 'யு' விசாவுக்கு மனு! லூசியானாவில் 2025 ஜூலையில், நடக்காத கொள்ளைக்குப் பொய் ரிப்போர்ட் எழுத ஒரு பெயருக்கு 5,000 டாலர் என்று பேரம் நடந்ததாக, போலீஸ் தலைமை அதிகாரிகள் மீதே குற்றச்சாட்டு பதிவானது.

ஒவ்வொரு போலி மனுவும் நிஜமாக அடிபட்ட ஒருத்தியைப் பின்னுக்குத் தள்ளுகிறது. "பார்த்தீர்களா, எல்லாம் ஃப்ராடு" என்று விசாவையே ஒழிக்கத் துடிக்கிறவர்கள் கையில் தடியெடுத்துக் கொடுக்கிறது. இதை 'சாமர்த்தியம்' என்று சொல்லிச் சிரிக்கிற அங்கிள் உங்கள் சொந்தத்தில் இருந்தால், அவரை முகத்துக்கு நேரே கேளுங்கள்.

ஆனால் போலிகளைக் காட்டி நிஜங்களைத் துரத்துவது நியாயமில்லை. போலிக்கு மருந்து, வேகமான விசாரணை. வரிசை இருபது வருடம் நீளுவதும், அதுவரை அங்கேயே காலம் தள்ளிவிடலாம் என்ற கணக்கும்தான் மோசடிக்காரனுக்கு லாபம். உச்சவரம்பை உயர்த்து, சான்றிதழுக்குக் கெடு வை, மனு பரிசீலனையில் இருப்பவரைக் கைது செய்யாதே. இந்த மூன்றையும் செய்யாமல் 'பாதிக்கப்பட்டவர்களின் பாதுகாவலன்' என்று அமெரிக்கா மார்தட்டிக்கொள்ளக்கூடாது.

நாம் செய்யவேண்டியது சுலபம். பெண்ணின் பாஸ்போர்ட், விசா, கல்யாணப் பதிவு நகல்களை இங்கேயும் ஒரு செட் வைத்துக்கொள்ளுங்கள். அடி விழுந்தால் 911-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். அந்த போலீஸ் ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். ஏஜென்ட்டிடம் போகாமல், குடியேற்ற வழக்குகளைப் பார்க்கும் வக்கீலிடம் போகச் சொல்லுங்கள். கொடுமைப்படுத்துகிறவன் எழுதிப் போடும் மொட்டைக் கடுதாசியை மட்டும் நம்பி அவளுக்கு எதிராக அதிகாரிகள் முடிவெடுக்கக்கூடாது என்று 1996-லிருந்தே அங்கே சட்டம் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

முக்கியமாக, திரும்பி வந்தாலும் இந்த வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்று சொல்லுங்கள். அதற்கு எந்த நாட்டு விசாவும் தேவையில்லை.