மாநகர சபைக்கு ஒரு வரைபட வல்லுநர்

2008 நவம்பரில் நிஷா புயல் யாழ்ப்பாணத்தை வெள்ளக்காடாக்கியது. அதன் பின்னரும் மாரியில் தாழ்ந்த பகுதிகளில் வெள்ளம் நிற்கிறது. எந்த வாய்க்கால் எந்தக் குளத்துக்குச் செல்கிறது, எந்த மதகு அடைபட்டுள்ளது என்ற அறிவு பழைய ஊழியர்களின் நினைவில் மட்டும் தங்கியிருந்தால், அவர்கள் ஓய்வு பெறும்போது அதுவும் போய்விடும்.

1800 இல் தோன்றிய நில அளவைத் திணைக்களம் நாட்டின் வரைபடத்தைத் தருகிறது. ஆனால் நேற்று எழுந்த மதிலையும் மூடப்பட்ட வாய்க்காலையும் உடனுக்குடன் குறித்துவைக்க வேண்டியது மாநகர சபையே. அதற்குப் புவியியல் தகவல் முறைமை அறிந்த ஒருவருக்கு நிரந்தரப் பதவி வேண்டும். சுண்ணக்கல் நிலத்தில் கிணற்று நீரை நம்பி வாழும் நகரில், மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலான தூரத்தையும் அவர் பதிவுசெய்யலாம்.

ஆளணிக்குப் பணமில்லை என்பது வழமையான பதில். வெள்ளம் வந்த பின் நிவாரணத்துக்குச் செலவிடும் நாம், அதற்கு முன் ஒரு சம்பளத்துக்குத் தயங்குவது ஏன்?