மறைந்த பின் வந்த குரல்

கொரோனா தொற்றால் மருத்துவமனையில் சேர்ந்து சுமார் 50 நாள் போராடிய எஸ்.பி. பாலசுப்ரமணியம், 2020 செப்டம்பர் 25 அன்று மறைந்தார். முன்பே அவர் பாடிவைத்திருந்த ‘அண்ணாத்த’ படப் பாடல் மறு ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது. நோயின் சாயலே இல்லாத குரல். பெரம்பலூரிலும் அரியலூரிலும் நோயாளியின் கட்டிலருகே இரவைக் கழிக்கும் நமக்கு அது வெறும் கேளிக்கையன்று. (பக்கத்துக் கட்டிலில் உறங்குபவரை எண்ணி, காதுக்கருவி அணிந்தே கேட்போம்.)

2024இல் வெளிவந்த ‘லால் சலாம்’ படத்துக்காக, காலமான பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவின் துணையால் ஏ.ஆர். ரஹ்மான் மீண்டும் ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரின் இசைவைப் பெற்று, ஊதியமும் வழங்கினார், முறையான செயல். ஆயினும் இரண்டையும் ஒன்றென ஏற்க நமக்கு மனம் வரவில்லை. முன்னதை அவரே மூச்செடுத்துப் பாடினார். பின்னதை அவர்கள் பாடவேயில்லை. மூச்சின் அருமையை வார்டில் இருப்போருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. செயற்கைக் குரலெனில் பாடலின் பெயருடனேயே அதைக் குறிப்பிட வேண்டும். பாடகர் வாழும்போதே அவரது விருப்பத்தைக் கேட்டறிவது இன்னும் நன்று.

நம் வீட்டுப் பெரியவர்களின் தாலாட்டையும் நடவுப்பாட்டையும், அவர்களது உடல் சற்றுத் தேறிய நாளில், இசைவு கேட்டுக் கைப்பேசியில் பதிந்துவைப்போம். இடையே இருமல் கலந்தால் கலக்கட்டும்.