ராயல் சல்யூட் அப்புறம், முதலில் டிரங்குப் பெட்டியைத் திறங்கள்

அப்பா போய் ஒரு வருஷம் ஆகிறது. குண்டலுபேட்டையில் அவர் பெயரைவிட 'மிலிட்டரிக்காரர்' என்றால்தான் தெரியும். செய்தி கேட்டதும் அமெரிக்கா, துபாய், சிங்கப்பூர் சொந்தங்கள் எல்லோரும் வாட்ஸப்பில் தேசியக்கொடியும் 'ராயல் சல்யூட்'டும் போட்டுத் தள்ளினார்கள். நல்ல மனசுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு அதில் ஒரு சண்டை இருக்கிறது.

அப்பா மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தது 17 வருஷம். எங்கள் ஊரிலிருந்து பந்திப்பூர் காடு, கூடலூர், ஊட்டி தாண்டினால் வரும் வெலிங்டனில்தான் பயிற்சி. 35 வயதில் ஹவில்தாராக, ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டார். அதற்கப்புறம் 42 வருஷம் வாழ்ந்தார். அதைப் பற்றி யாராவது ஒருத்தர் கேட்டிருப்பீர்களா?

ராத்திரி முழுக்க வங்கி வாசலில் துப்பாக்கியோடு காவல். பகலில் ஒன்றரை ஏக்கரில் செண்டுமல்லி. காட்டு யானை மிதித்துவிட்டுப் போனால் மறுபடியும் நாற்று. எங்களைப் படிக்க வைத்தது இதுதானய்யா, 1971 போர் அல்ல!

ஊருக்கு வந்தால் நீங்கள் கேட்டது இரண்டே கேள்விதான். 'பாகிஸ்தான்காரனைச் சுட்டீங்களா மாமா?' அடுத்தது, 'கேண்டீன் ரம் கிடைக்குமா?' இரண்டுக்கும் அவர் சிரிப்பார், அவ்வளவுதான்.

சரி, வீரர் போய்விட்டார். வீரரின் மனைவி?

ராணுவ ஓய்வூதியம் என்பது பொதுவாகக் கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதக் கணக்கு. வயதான பிறகு கணவர் இறந்தால் மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் 30 சதவீதக் கணக்கு. வீட்டு வாடகையும் மாத்திரை விலையும் அந்தக் கணக்கில் குறையுமா என்ன? அந்தக் குறைந்த தொகையும் அம்மா கைக்கு வர ஏழு மாதம் ஆனது. காரணம் ஒரே ஒரு இனிஷியல். படைப் பதிவில் வெறும் பெயர், ஆதாரில் அதே பெயர் இனிஷியலோடு. 70 வயதுக்கு மேல், நான்தான் அவர் மனைவி என்று நிரூபிக்க அம்மா பஸ் ஏறி இறங்கினார்.

'அதெல்லாம் ஊரில் இருக்கிற தம்பி பார்த்துக்குவான்' என்பார் ஒருவர். தம்பிக்கு மட்டும் எப்படித் தெரியும்? 'அவர் இருக்கும்போதே இதைப் பேசுவது அபசகுனம்' என்பார் இன்னொருவர். எல்லைக்குப் போகும் முன்பே வாரிசு யார் என்று எழுதிக் கொடுத்த மனிதரய்யா அவர்! அவருக்கா அபசகுனம்?

உங்கள் ஆபீஸ் ஊழியர் எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். அப்பாவின் படை எண் தெரியுமா? எந்த பட்டாலியன்? எந்த வருஷம் சேர்ந்தார்?

அடுத்த லீவில் அந்தப் பெட்டியைத் திறங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் ஓய்வூதிய ஆணையையும் எடுங்கள். அம்மாவின் பெயர், பிறந்த தேதி ஆதாரோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் அவர் கையெழுத்துப் போட முடிகிறபோதே திருத்த விண்ணப்பம் கொடுங்கள். ஸ்பர்ஷ் இணையக் கணக்கின் கடவுச்சொல் அம்மாவுக்கும் தெரியட்டும். வருஷா வருஷம் உயிர்வாழ் சான்றிதழ் கொடுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள். அப்படியே பக்கத்தில் உட்கார்ந்து, திரும்பி வந்த பிறகு எப்படிப் பிழைத்தீர்கள் என்றும் கேளுங்கள்.

ஒரு சாயங்காலம் போதும். அதற்கு நேரமில்லாதவர்கள் தயவுசெய்து கொடிப் படம் அனுப்ப வேண்டாம்.