எத்தனை டன் அல்ல, எத்தனை டிகிரி?

பத்து மாதம், பன்னிரண்டு மாதம் வெயிலிலும் மழையிலும் நின்று வாழையைக் காக்கிறான் உழவன். தாரை வெட்டிய பிறகோ அவனால் பத்து நாள் காத்திருக்க முடியவில்லை. மண்டிக்காரர் இதை அறிவார். "இந்த விலைக்குத் தந்தால் தா, இல்லையேல் கொண்டு போ!" என்கிறார். எங்கே கொண்டு போவான்? நாளை கறுத்துவிடும் பழத்தை எந்த ஊருக்குச் சுமப்பான்?

இயற்கையின் குற்றமென்பர் சிலர். இல்லை தோழர்களே, ஏற்பாடு இல்லாத குற்றம்!

வெட்டிய பின்னும் காய் மூச்சு விடுகிறது. வெப்பம் ஏற ஏற மூச்சும் வேகமாகிறது. தன்னுள் எழும் எத்திலீன் வாயுவால் பழுக்கிறது. பக்கத்துக் காயையும் பழுக்க வைக்கிறது. முக்கால் பங்கு முற்றிய தாரை வெட்டி, 13, 14 டிகிரி செல்சியசில் வைத்தால் இரண்டு வாரத்துக்கு மேலும் பச்சையாகவே இருக்கும். முழுக்க முற்றவிட்டு வெட்டினால் அவ்வளவு அவகாசம் இல்லை.

அப்படியானால் குளிர்க்கிடங்கு ஒன்று இருந்தால் போதுமா? போதாது! உருளைக்கிழங்குக்காக 2 முதல் 4 டிகிரியில் ஓடும் கிடங்கில் வாழைக்காயை வைத்தால் தோல் கறுத்துவிடும். வெளியே எடுத்த பின்னும் ஒழுங்காகப் பழுக்காது. கிருஷ்ணகிரி மாங்காய்க்கும் 10 டிகிரிக்குக் கீழே ஆபத்துத்தான். பழுத்த மாம்பழம் சற்று அதிகக் குளிரைத் தாங்கும்; காய் தாங்காது.

ஏற்பாடு இல்லாத இடத்தில் கார்பைடு கல் நுழைகிறது. 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் அதைத் தடுத்திருக்கின்றன. ஆர்சனிக்கும் பாஸ்பரசும் கலந்த அந்தக் கல்லால் முதலில் அல்லற்படுபவர் யார்? அதைக் கையால் தொடும் மண்டித் தொழிலாளி! பத்து லட்சத்தில் 100 பங்கு வரை எத்திலீன் வாயு விட்டுப் பழுக்க வைக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதற்கும் வெப்பம் காக்கும் அறை வேண்டுமே!

அறை உள்ளவனுக்கு அவகாசம் உண்டு. அவகாசம் உள்ளவனே விலை சொல்கிறான். ஆகவே அந்த அறை உழவர் கூட்டுறவின் கையில் இருக்க வேண்டும். வாழையும் மாவும் விளையும் வட்டாரத்திலேயே இருக்க வேண்டும் என்கிறோம் நாம்.

புதிய கிடங்கு பற்றிய அறிவிப்பு வந்ததும் கைதட்டிக் கலைந்துவிடாதீர்கள். எத்தனை டன் கொள்ளும் என்பதை அவர்களே சொல்வார்கள். எத்தனை டிகிரியில் ஓடும், சாவி யார் கையில் என்று நாம்தான் கேட்கவேண்டும். ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள்!