போடி புதையலும் 1878-ஆம் ஆண்டுச் சட்டமும்

இந்திய நாணயவியல் நூல்களில் போடிநாயக்கனூருக்கு நிலையான இடம் உண்டு. ஏலக்காய்ச் சந்தையால் வந்த இடமல்ல அது. அங்கே கிடைத்த ஒரு வெள்ளிக் காசுப் புதையலால் வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முத்திரைக் காசுகள் அதில் இருந்தன. வெள்ளித் தகட்டைத் துண்டுகளாக வெட்டி, சூரியன் போன்ற சின்னங்களைத் தனித்தனியாக அடித்துப் பதித்த காசுகள் அவை. பின்புறம் மீனைக் கோட்டுருவாகக் காட்டும் சின்னம். மௌரியர் காலத்துக் காசுகளைவிட எடை குறைந்தவை. அறிஞர்கள் இவற்றை முற்காலப் பாண்டியரோடு இணைத்துப் பார்க்கிறார்கள்.

அந்தப் புதையலின் சிறப்பு எண்ணிக்கையில் இல்லை. அத்தனை காசும் ஒரே வகை என்பதில்தான் இருக்கிறது. பல கை மாறி, பல ஊர் சுற்றிய பணம் ஒரு பானைக்குள் இப்படி ஒரே வகையாகச் சேராது. வணிகன் ஒருவன் வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்திருந்தால் பழையதும் புதியதும், வடக்கத்தியக் காசும் உள்ளூர்க் காசும் கலந்துதான் இருக்கும். ஒரே வகைக் காசு இவ்வளவு மொத்தமாகக் கிடைக்கிறது என்றால், அடிக்கப்பட்ட இடத்திலிருந்து அது வெகுதூரம் போயிருக்க முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், சங்க காலத்தை ஒட்டிய ஒரு காலத்தில், பாண்டியரின் வெள்ளிப் பணம் புழங்கியது. பக்கத்திலேயே அடிக்கப்பட்டும் இருக்கலாம். இவ்வளவையும் சொல்வது தனிக்காசு அல்ல, காசுகளின் கூட்டம். அதே ஆயிரம் காசும் பத்துப் பத்தாகப் பிரிந்து தரகர்கள் கைக்குப் போயிருந்தால், இன்று ஆளுக்கொரு பெட்டியில் 'முத்திரைக் காசு, வெள்ளி' என்ற சீட்டோடு ஊமையாகக் கிடக்கும்.

போடியை அடுத்த கம்பம் பள்ளத்தாக்கில் பழங்காசு சேர்ப்பவர்கள் இப்போது கூடிவருகிறார்கள். மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அவர்களில் பெரும்பாலோரிடம் "இந்தக் காசு எங்கே கிடைத்தது?" என்று கேட்டால், வாங்கிய கடையின் பெயரைத்தான் சொல்கிறார்கள். எந்தக் காடு, எந்தக் கண்மாய், எவ்வளவு ஆழம், கூடவே பானை ஓடு இருந்ததா என்ற எதுவும் அவர்களுக்குத் தெரியாது. விற்றவர் சொல்லவில்லை, சொல்லப் பயந்திருக்கிறார்.

இந்த மண்ணுக்கு அந்தத் தகவல் ஏன் இவ்வளவு முக்கியம்? சேர நாட்டு முசிறியிலிருந்து பெரியாற்றையொட்டி மலையேறி, குமுளி வழியாக இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து வைகைக் கரையோடு மதுரைக்குப் போகும் வழி வரைபடத்தில் இயல்பாகவே அமைந்திருக்கிறது. அந்தப் பக்கம் கேரளத்துப் பட்டணம் என்ற ஊரின் அகழாய்வு 2007 முதல் முசிறி வணிகத்தைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறது. இந்தப் பக்கம் ஆண்டிப்பட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துக் கல்வெட்டுள்ள நடுகற்கள், வைகைக் கரையில் அந்தக் காலத்திலேயே எழுத்தறிந்த சமூகம் இருந்ததைக் காட்டின. அவற்றில் ஒன்று ஆகோளை, அதாவது மாடு கவர்தலைச் சொல்கிறது. மாட்டைச் செல்வமாக எண்ணி, மாட்டுக்காக உயிர்விட்ட அந்தச் சமூகத்துக்கு வெள்ளிக் காசு எப்போது வந்தது, யார் கையில் வந்தது, ரோமானியப் பணம் இந்த மலைவழியில் எவ்வளவு இறங்கியது? இந்தக் கேள்விகளுக்கு விடை, கிடைத்த இடம் குறிக்கப்பட்ட காசுகளில்தான் இருக்கிறது.

ரோமானியக் காசுகளைப் பொறுத்தவரை தமிழகமும் கேரளமும் உலகுக்கே சான்று தந்த நிலங்கள். இந்தியாவுக்கு ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணம் போகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி குறைப்பட்டுக்கொண்டது வெறும் புலம்பல் அல்ல என்பதை இங்கே கிடைத்த புதையல்கள்தான் காட்டின. அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து வெள்ளிக் காசுகளே தென்னிந்தியப் புதையல்களில் மிகுதி. நீரோ 64-இல் வெள்ளியின் தரத்தைக் குறைத்த பிறகு வெளியான காசுகளை இங்குள்ள வணிகர்கள் விரும்பவில்லை. தங்கக் காசுகள் சிலவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளிவெட்டு இருக்கிறது. இவை எல்லாம் தெரிந்தது புதையல்கள் முழுமையாக, இடத்தோடு பதிவானதால்தான்.

சேகரிப்பாளர்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. தமிழ் நாணயவியலின் மிகப் பெரிய கண்டுபிடிப்பைச் செய்தவர் ஒரு சேகரிப்பாளர். 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, மதுரை வட்டாரத்தில் கிடைத்த ஒரு சதுரச் செப்புக் காசைத் துலக்கி, அதில் தமிழி எழுத்தில் 'பெருவழுதி' என்ற பெயரை 1980களின் நடுவில் படித்தார். முன்பக்கம் குதிரை, பின்பக்கம் மீன் சின்னம். பாட்டில் மட்டும் கேட்டிருந்த ஒரு பெயர் உலோகத்தில் கிடைத்தது. சங்ககால அரசர்கள் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டார்களா என்ற ஐயம் அத்தோடு தீர்ந்தது. அரசுத் துறை எதுவும் அதைத் தோண்டி எடுக்கவில்லை. ஆர்வமும் படிப்பும் உள்ள ஒரு தனிமனிதரின் கண்ணில் பட்டது. அந்தக் காசு உருக்கும் உலைக்குப் போகாமல் அவர் கைக்கு வந்தது நம் நல்லூழ். எல்லாக் காசுக்கும் அந்த நல்லூழ் வாய்ப்பதில்லை.

உழவிலோ வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ ஒரு கலயம் தட்டுப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வரும் எண்ணம் போலீஸ், கேஸ், நிலம் பறிபோகும் என்ற பயம். அடுத்தது, யாருக்கும் தெரியாமல் பட்டறைக்குக் கொண்டுபோவது. தங்கமோ வெள்ளியோ அன்றைய விலைக்கு எடை போட்டு உருகிவிடும். செம்பாக இருந்தால் பழைய இரும்புக் கடைக்குப் போகும். இந்தப் பயத்துக்குக் காரணம் சட்டம் தெரியாதது மட்டுமல்ல; சட்டமே சரியில்லாததும்தான்.

இன்றும் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருப்பது 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணுக்குள் கிடைத்தால், என்ன கிடைத்தது, எந்த இடம், எந்த நாள் என்று கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. உரிமையாளர் இல்லை என்று முடிவானால், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. இது வரை நியாயமான சட்டம்தான். இடத்தையும் நாளையும் கேட்கும் அறிவு 1878-லேயே அதற்கு இருந்திருக்கிறது. கண்டெடுத்தவர் கைது செய்யப்படுவார் என்று ஊரில் சொல்வது தவறு. தெரிவித்தவருக்குச் சட்டம் பங்கு தருகிறது. இதைத் தேனி மாவட்டத்தின் ஒவ்வொரு கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்திலும் எழுதி ஒட்டினாலே பாதிப் பயம் போகும்.

கோளாறு அதன் 16-ஆம் பிரிவில் இருக்கிறது. புதையலை அரசு எடுத்துக்கொள்ள விரும்பினால், அந்தப் பொருளின் உலோக மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் கொடுத்தால் போதும். அதாவது, பெருவழுதி காசு ஒன்றை ஒருவர் கொண்டுவந்து கொடுத்தால் செம்பின் விலையும் அதற்குமேல் 20 சதவீதமும்தான் சட்டப்படி அவருக்கு உரியது. வெள்ளிக் காசுக்குப் பட்டறைக்காரர் அன்றே தரும் விலையைக் காட்டிலும் இது சற்றுத்தான் கூடுதல். அதற்கும் மனு, விசாரணை, காத்திருப்பு. நேர்மையாக இருப்பவரைத் தண்டித்து, உருக்குபவருக்கு வழிவிடும் விதி இது. நம் மண்ணின் வரலாற்றுக்கு உலோக விலை போட்ட விதி என்றே நான் இதைச் சொல்வேன்.

இந்தச் சட்டத்தை நமக்கு எழுதிக் கொடுத்த பிரிட்டன் தன் நாட்டில் என்ன செய்தது என்று பாருங்கள். 1996-இல் புதிய புதையல் சட்டம் கொண்டுவந்தது. அருங்காட்சியகம் ஒரு பொருளை எடுத்துக்கொண்டால் அதன் சந்தை மதிப்புக்கு இணையாகப் பரிசு தரப்படுகிறது. கண்டெடுத்தவரும் நிலத்துக்காரரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். புதையல் என்ற வரையறைக்குள் வராத சாதாரணக் காசு, பொத்தான், அம்பு முனை எல்லாவற்றையும் மக்கள் தாமாக முன்வந்து பதிவு செய்ய, மாவட்டந்தோறும் அதற்கென அலுவலர்களை அமர்த்தினார்கள். பொருளைப் பறிப்பதில்லை; படம் எடுத்து, எடை பார்த்து, இடம் குறித்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பத்து லட்சத்தையும் தாண்டிவிட்டன அந்தப் பதிவுகள். அரசு நம்பியது, மக்களும் நம்பினார்கள்.

நமக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் 1968-இலேயே தனக்கென்று ஒரு புதையல் சட்டம் இயற்றிக்கொண்டது. கர்நாடகத்துக்கும் 1962 முதல் தனிச்சட்டம் உண்டு. கீழடிக்காக இவ்வளவு பெருமைப்படும் தமிழ்நாட்டுக்கு மட்டும் விக்டோரியா காலத்து விதி ஏன்?

சட்டம் மாறும் வரை சேகரிப்பாளர்கள் காத்திருக்க வேண்டியதில்லை; காசு கிடைத்த இடத்தை இப்போதே குறித்து வைக்கலாம். ஆனால் அதில் தேனிப் பகுதிக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. கண்மாயில் எடுத்த கரம்பை மண் வண்டி வண்டியாகக் காட்டுக்கும் தோப்புக்கும் போகிறது. தென்னந்தோப்பில் கிடைத்த காசு அந்தத் தோப்புக்கு உரியதாக இருக்காது. மூன்று கிலோமீட்டர் தள்ளியுள்ள கண்மாய்க்கு உரியதாக இருக்கும். ஆகவே காசு எங்கே கிடைத்தது என்பதோடு, அந்த மண் எங்கிருந்து வந்தது என்றும் கேட்டு எழுதி வையுங்கள். சர்வே எண் தெரிந்தால் சிறப்பு. எடையைக் கிராமில் குறியுங்கள், இரு பக்கமும் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். ஒன்றாகக் கிடைத்ததைப் பிரிக்காதீர்கள். புளி போட்டுத் துலக்காதீர்கள். செம்பின் மேல் படிந்த பச்சையோடு எழுத்தும் போய்விடும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு தொல்பொருள் என்று 1972-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதை வணிகம் செய்ய உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது.

பழங்காசு என்றால் ராஜராஜன் காசும் நாயக்கர் காசும் மட்டும்தான் என்று நினைப்பவர்களும் உண்டு. எல்லையோர மண் என்பதால் இங்கே திருவிதாங்கூர் சக்கரமும் வீடுகளில் கிடைக்கிறது. பழைய வெள்ளிச் சக்கரம் சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. அதை எண்ணுவதற்கென்றே குழி குழியாகச் செதுக்கிய மரப்பலகை வைத்திருந்தார்கள். காசைக் கொட்டிக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக நிற்கும். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். ஏலத்தோட்டத்துக்கு மலையேறிய குடும்பங்கள் இரண்டு கணக்கையும் அறிந்திருக்க வேண்டும். பாட்டியின் மஞ்சள் துணி முடிச்சில் சக்கரம் ஒன்று இருந்தால், அது எந்தத் தோட்டத்திலிருந்து, யாருடைய கூலியாக வந்தது என்று இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதைச் சொல்ல அவர்கள் இருக்கும் காலம் அதிகமில்லை. முல்லைப் பெரியாறு அணையை அரசியலாக மட்டும் அறிந்த தலைமுறைக்கு, இரு நாட்டுப் பணம் ஒரே மடியில் இருந்த காலத்தை இந்தச் சின்னஞ்சிறு வெள்ளிதான் காட்டும்.

நினைவு நாணயங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. 1964-இல் நேருவுக்கு வெளியிட்டதில் தொடங்கி நூற்றுக்கணக்கில் வந்துவிட்டன. 1995 உலகத் தமிழ் மாநாட்டுத் திருவள்ளுவர் காசு, தமிழ்க் கையொப்பத்தோடு வந்த அண்ணா ஐந்து ரூபாய், ஆண்டிப்பட்டி தேர்ந்தெடுத்து அனுப்பிய எம்.ஜி.ஆரின் நூற்றாண்டுக் காசு ஆகியவை சேர்க்க வேண்டியவையே. நோட்டுகளில் 1969-இல் காந்தி நூற்றாண்டுக்கு வந்த வரிசை முக்கியமானது. சேவாகிராமத்தில் அமர்ந்திருக்கும் காந்தியின் உருவம் அதில் இருக்கும். ஆனால் டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய்க்கும், 786 என்று முடியும் நோட்டுக்கும் லட்சம் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள். தன் பெயரைச் சொல்லிப் பணம் பறிக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அதே வங்கி 2018 ஜனவரியில், 14 வடிவப் பத்து ரூபாய்க் காசும் செல்லும் என்று அறிவித்தது. அவற்றில் பல நினைவுக் காசுகள். அவற்றை வாங்க மறுத்த கடைகளும் பேருந்துகளும் நம் பக்கம் ஏராளம்.

மீண்டும் புதையலுக்கு வருவோம். தமிழ்நாடு அரசு தனிப் புதையல் சட்டம் ஒன்றை இயற்ற வேண்டும். கண்டெடுத்தவருக்கு உலோக விலை அல்ல, வரலாற்று மதிப்பைக் கணக்கிட்ட விலை கிடைக்க வேண்டும். அந்த மதிப்பை நாணயவியல் அறிந்த குழு முடிவு செய்ய வேண்டும். மாவட்டத்துக்கு ஓர் அலுவலர் இருந்து, மக்கள் கொண்டுவரும் காசைக் கேள்விமேல் கேள்வி கேட்காமல் பதிவு செய்து திருப்பித் தர வேண்டும். அதைத் தேனி மாவட்டத்தில் சோதனையாகத் தொடங்கலாம். வைகை, சுருளி, முல்லையாறு மூன்றின் கரையிலும் தூர்வாரல் வேலை ஒவ்வொரு கோடையிலும் நடக்கிறது. அடுத்த கோடைக்குள் அந்த அலுவலர் வந்தாக வேண்டும்.

(கட்டுரையாளர்: நாணயவியல் ஆய்வாளர்)